'இன்டர்ஸ்டெல்லர்' பார்த்துவிட்டு அழுதவர்... யார் இந்த டிமோதி ஷாலமே?

'டியூன்' இரண்டாம் பாகத்தில் மணல் புழு மேல் ஏறி நின்று சவாரி போவாரே, அவரேதான். 1995 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர் என்பதால் பிரெஞ்சும் சரளம்.

2014-ல் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லர்' வாய்ப்பு. ஹீரோ மேத்யூ மெக்கானஹேயின் மகன் வேடம். இனி எல்லாம் மாறிடும் என்று நம்பியவர், படத்தைப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறார். நினைத்ததைவிட வேடம் அவ்வளவு சின்னது! கதையில் அந்தப் பையன் வளர்ந்ததும் கேஸி அஃப்லெக் வந்துவிடுவார். கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பும் ஒரு வருஷத்தோடு நின்றது.

2017-ல் வந்த 'கால் மீ பை யுவர் நேம்' தான் திருப்பம். 22 வயதில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை. விருது கேரி ஓல்ட்மேனுக்குப் போனது.

பிறகு பாப் டிலன் வேடம். கொரோனா, ஹாலிவுட் ஸ்டிரைக் என 'எ கம்ப்ளீட் அன்நோன்' தள்ளிக்கொண்டே போனது. வேறு யாராவது என்றால் சலித்திருப்பார்கள். இவரோ ஐந்து வருஷம் கிடாரும் மவுத் ஆர்கனும் பழகி, பாடல்களைத் தானே பாடினார்.

2025 மார்ச். ஜெயித்திருந்தால், சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய மிக இளையவர் ஆகியிருப்பார். அந்தச் சாதனை 2003-லிருந்து ஏட்ரியன் பிராடி வசம். அன்றைக்கு இவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? அதே பிராடி!