முதுமையும் உழைப்பும்: வன்னிக் கமக்காரரை முன்வைத்துச் சில குறிப்புகள்

முதியோர் தொகை பெருகுவதைப் பொருளாதாரச் சுமையெனக் கொள்வது பொதுவழக்காகிவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் ஏறத்தாழ 12 வீதத்தினர். அதன் பின்னர் இவ்வீதம் மேலும் உயர்ந்துள்ளது. ஆயின் எண்ணிக்கை மட்டும் பிரச்சினையை விளக்கிவிடாது. உழைத்தவர்கள் தம் உழைப்பின் பயனில் ஒரு பகுதியை முதுமைக்கென எவ்வடிவிற் சேமிக்க முடிந்தது என்பதே அடிப்படை வினாவாகும்.

அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் அரசிறையிலிருந்து கிடைக்கின்றது. தனியார் துறையினருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் அதற்குச் செலுத்துவர். இவ்விரண்டும் ஒழுங்கான சம்பளத்தை முன்நிபந்தனையாகக் கொண்டவை. வன்னியின் பெரும்பான்மைத் தொழிலோ கமமாகும்.

கமக்காரரின் ஓய்வூதியம் காணியே. இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் காணி பெற்றோர் அதனைத் தம் விருப்பப்படி விற்றல் இயலாது. பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்கலாம். பெற்றோர் காணியை வைத்திருந்தனர். பிள்ளைகள் அதனை உழுது அவர்களைப் பேணினர். மாடும் நகையும் அவசரகாலச் சேமிப்பாயின. முதுமைக்கான நிதி, குடும்பம் என்னும் உற்பத்தி அலகினுள்ளேயே அடங்கியிருந்தது.

2009 மே மாதத்தில் முடிவுற்ற போர் இவ்வமைப்பின் ஒவ்வொரு தூணையும் தகர்த்தது. முள்ளிவாய்க்கால் வரை பெயர்ந்து, பின்னர் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்ட மக்கள் மாட்டையும் நகையையும் இழந்தனர். பலர் பிள்ளைகளையும் இழந்தனர். காணி மீளக் கிடைத்தவிடத்தும் அதனை உழுவதற்குக் கைகள் இல்லாத வீடுகள் பல.

கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தவணைப் பணம் செலுத்தியோருக்கு 60 வயதிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை வழங்குவதே அதன் ஏற்பாடு. இடப்பெயர்வில் வாழ்ந்தோர் தவணை தவறாது செலுத்துவது எங்ஙனம்? திட்டத்தின் நிதியும் வற்றியமையால் 2012 அளவிற் கொடுப்பனவு தடைப்பட்டு, 2014இல் மீண்டும் தொடங்கிற்று. தொகை ரூபாவில் நிலையாக நிற்க, விலைகள் ஏறின. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று.

சம்பளம் பெற்றோரும் தப்பவில்லை. 2023ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. சேமலாப நிதியின் முறிகளோ அதனுள் உட்படுத்தப்பட்டன. நெருக்கடியின் விலையை எந்த வர்க்கம் செலுத்துகின்றது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே தவணையோடு பிணைந்த ஓய்வூதியம் வன்னிக்குப் பொருந்தாது. பொது வரியிலிருந்து வழங்கப்படுவதும் விலைவாசியோடு உயர்வதுமான ஓய்வூதியமே இம்முதியோருக்குரியது. அது கருணையன்று, அவர்கள் விளைவித்த நெல்லின் ஒரு பங்கு, காலந்தாழ்ந்தேனும் அவர்களிடம் திரும்புவதேயாகும்.