எதிரியாக இருந்த தண்ணீர்

1965 டிசம்பர் 17. நெதர்லாந்தின் தென்கோடியில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஹேர்லன் நகரத்தின் நாடக அரங்கில் பொருளாதார அமைச்சர் யோப் டென் ஆய்ல் பேச எழுந்தார். தெற்கு லிம்பர்க்கின் நிலக்கரிச் சுரங்கங்கள் படிப்படியாக மூடப்படும் என்று அறிவித்தார். மாற்று வேலை தராமல் எந்தச் சுரங்கமும் மூடப்படாது என்ற வாக்கும் அன்று கொடுக்கப்பட்டது. சுரங்கங்களில் நேரடியாக வேலை பார்த்தவர்கள் அப்போது சுமார் 45,000 பேர். சுரங்கங்களைச் சார்ந்த பிற தொழில்களில் இருந்தவர்கள் மேலும் 30,000 பேர். ஒன்பதே ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. 1974 டிசம்பர் 31 அன்று, ஹேர்லனின் ஒரான்யே-நாசாவ் முதலாம் சுரங்கத்திலிருந்து கடைசிக் கரி மேலே வந்தது. 1899இல் ஹேர்லனில் முதல் கரியை எடுத்ததும் அதே சுரங்கம்தான்.

அந்தச் சுரங்கங்களுக்குள் மழை பெய்யாது. ஆனாலும் அங்கே தண்ணீர் ஓயாது. பாறையின் வெடிப்புகள் வழியே கசிந்து, சுரங்கப் பாதைகளில் தேங்கிக்கொண்டே இருக்கும். வாயு ஒரு நொடியில் கொல்லும், கரித்தூசி இருபது வருடம் எடுத்துக்கொண்டு கொல்லும். தண்ணீரோ ஒவ்வொரு நாளும் வெளியேற்றியே ஆக வேண்டிய தொல்லை. கரி எடுக்காத ஞாயிற்றுக்கிழமையிலும் பம்பு ஓடும். வேலைநிறுத்தம் என்றாலும் பம்பை நிறுத்த முடியாது. சுரங்கம் என்று ஒன்று இருக்கும்வரை அதன் செலவுக் கணக்கில் தண்ணீருக்கு ஒரு பத்தி உண்டு.

மூடிய பிறகும் பம்புகள் உடனே ஓய்ந்துவிடவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் ஜெர்மன் சுரங்கங்கள் இயங்கிக்கொண்டிருந்தன; பூமிக்கடியில் தண்ணீருக்கு எந்த நாட்டு எல்லையும் கிடையாது. அவையும் 1990களில் மூடப்பட்ட பிறகுதான் லிம்பர்க்கில் கடைசிப் பம்பு நின்றது. அதன்பின் தண்ணீர் மெல்ல ஏறி, மனிதர்கள் முக்கால் நூற்றாண்டாகக் குடைந்து வைத்திருந்த வெற்றிடங்களை நிரப்பியது.

இன்று ஹேர்லன் அந்தத் தண்ணீரைத் தேடிப் போகிறது. 2006இல் நகரத்தின் வடபகுதியில் ஆழ்துளை போட ஆரம்பித்தார்கள். சுமார் 700 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 28 டிகிரி. 250 மீட்டரில் 16 டிகிரி. கீழே போகப்போகப் பூமியின் சூடு கூடும் என்பதைச் சுரங்கத் தொழிலாளி எந்தப் பாடமும் படிக்காமலே அறிந்திருந்தான். வியர்வை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தச் சூட்டைத்தான் இப்போது குழாய் வழியே மேலே எடுக்கிறார்கள். 2008 அக்டோபரில் திட்டம் இயங்கத் தொடங்கியது. 28 டிகிரி என்றால் குளிக்கப் போதாது. ஆனால் வெப்பப் பம்பு கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து அதை வீட்டைச் சூடாக்கும் அளவுக்கு உயர்த்திவிடுகிறது. 16 டிகிரி நீர் கோடையில் கட்டடங்களைக் குளிரவைக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் துளை போட்ட விதம். 700 மீட்டருக்குக் கீழே, சில மீட்டரே அகலமுள்ள ஒரு பழைய சுரங்கப் பாதையில் துளையைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். சற்றே தவறினாலும் வெறும் பாறைதான். வழிகாட்டியாக இருந்தவை மூடிய சுரங்கங்களின் வரைபடங்கள். எந்தப் பாதை எந்த ஆழத்தில் எந்தத் திசையில் போகிறது என்று அந்தக் காலத்து அளவையாளர்கள் குறித்து வைத்திருந்தார்கள். கரிக்காகப் போட்ட கணக்கு தண்ணீருக்கு உதவியது.

முதல் சில ஆண்டுகளில் ஒரு பாடமும் கிடைத்தது. சூடான நீரை எடுத்துக்கொண்டே இருந்தால் அடியில் உள்ள சூடும் ஒரு நாள் தீரும். கரியைத் தோண்டித் தீர்த்த மாதிரியேதான் அதுவும். எனவே 2013இல் முறையை மாற்றினார்கள். இப்போது சுரங்கம் ஒரு குதிர். கோடையில் அலுவலகங்களைக் குளிர்விக்கும்போது வெளியேறும் சூட்டை அடியில் போட்டு வைக்கிறார்கள், குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். ஒரு கட்டடம் வேண்டாம் என்று தள்ளும் சூட்டைப் பக்கத்துக் கட்டடம் வாங்கிக்கொள்கிறது. ஓய்வூதிய நிறுவனம் ஒன்றின் கணினி மையத்தில் உண்டாகும் வெப்பம் ஒரு தொழிற்கல்லூரியின் வகுப்பறைகளைச் சூடாக்கியது இப்படித்தான்.

அந்த ஓய்வூதிய நிறுவனம் ஹேர்லனுக்கு வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அமைச்சர் சொன்ன மாற்று வேலைகளின் ஒரு பகுதி அது. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியத்தையும் மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தின் ஒரு பெரும்பகுதியையும் 1970களில் இங்கே கொண்டுவந்தார்கள். சுரங்க நீரில் முதலில் இணைந்த பெரிய கட்டடங்களில் புள்ளியியல் அலுவலகமும் ஒன்று. கரிக்கு மாற்றாக வந்த அலுவலகத்தைக் கரிக்குழியே சூடாக வைத்திருக்கிறது. ஆனால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். நாற்பத்தைந்து வயதில், கரி வெட்டுவது ஒன்றே தெரிந்த கைகளோடு மேலே வந்தவனுக்கு அங்கே என்ன வேலை? வாக்கு கொடுத்த வேகத்தில் வேலைகள் வரவில்லை. அந்த வட்டாரம் வெகுகாலம் நெதர்லாந்தின் வறிய பகுதிகளில் ஒன்றாகவே இருந்தது.

சுரங்கத்தை நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. அன்று லிம்பர்க் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டன் கரி எடுத்தது. கூடவே சிலிக்கோசிஸ் நோயையும் ஒரு தலைமுறையின் நுரையீரலில் ஏற்றியது. மாடிப்படி ஏற முடியாமல் நின்றுபோன ஆண்கள் அந்தத் தெருக்களில் நிறைய. இன்றைய வெப்ப வலையமைப்பில் எவருக்கும் மூச்சு முட்டுவதில்லை. அது பெரிய லாபம்தான். ஆனால் ‘கூம்பெல்’ என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. தோழன் என்று பொருள். அடியில் விளக்கு அணைந்தால் பக்கத்தில் இருப்பவன் போலந்துக்காரனா, இத்தாலியனா, ஸ்லோவேனியனா என்று எவரும் கேட்பதில்லை. வால்வுகளைத் திறந்து மூட ஒரு கணினித் திரை போதும் என்ற தொழிலில் அப்படி ஒரு சொல் பிறக்க வழியில்லை.

மூடலுக்குப் பிறகு அங்கே நடந்த சீரமைப்புக்கு ஒரு பெயர் இருந்தது: ‘கறுப்பிலிருந்து பச்சைக்கு’. இன்று இதைக் கேட்டால் பசுமைப் பொருளாதாரம் என்றுதான் காதில் விழும். 1970களில் அதற்கு வேறு பொருள். கோபுரங்களை இடித்தார்கள், கழிவு மேடுகளைக் கரைத்தார்கள், புல் விதைத்தார்கள். அந்த ஊரின் அடையாளமாக இருந்த ‘நெட்டை யான்’ என்ற 135 மீட்டர் புகைபோக்கி 1976 ஆகஸ்டில் சாய்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் சுரங்கம் இருந்ததே தெரியாதபடி ஆக்கிவிட்டார்கள். மிஞ்சிய சிலவற்றில் வில்ஹெல்மினா சுரங்கத்தின் கழிவு மேடும் ஒன்று. அதன் சரிவில் இப்போது கூரைபோட்ட பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. அன்றைய பச்சை மறப்பதற்கான பச்சை. இன்றைய பச்சைக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற நினைவு வேண்டும். பழைய வரைபடம் வேண்டும்.

இனி, மூடிய சுரங்கங்களின் மறுவாழ்வுக்கு வரும் பணத்தைப் பற்றி. இதுவும் அடியிலிருந்து வந்ததுதான்.

1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் ஆறு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிலக்கரியும் எஃகும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் இருந்தால் பிரான்சும் ஜெர்மனியும் மறுபடி போருக்குப் போக முடியாது என்பது எண்ணம். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வித்து அது. அந்த அதிகாரம் தன் செலவுக்கு எந்த அரசிடமும் கைநீட்டவில்லை. கரியும் எஃகும் உற்பத்தி செய்த நிறுவனங்களிடமே நேரடியாகத் தீர்வை வசூலித்தது. சாதாரணமாக உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போனது. எப்படிக் கூடுதலாகக் கரி எடுப்பது, எப்படி மலிவாக எடுப்பது, எப்படிச் சாகாமல் எடுப்பது. கடைசிக் கேள்வியின் கனம் 1956 ஆகஸ்ட் 8 அன்று எல்லோருக்கும் தெரிந்தது. பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மறு ஆண்டே சுரங்கப் பாதுகாப்புக்கென ஓர் ஐரோப்பிய ஆணையம் அமைந்தது.

அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 50 ஆண்டு. 2002 ஜூலை 23 அன்று அது காலாவதியானபோது தீர்வையாகச் சேர்ந்த பணம் மிச்சமிருந்தது. அதைப் பிரித்துக்கொள்ளாமல் ‘நிலக்கரி, எஃகு ஆராய்ச்சி நிதியம்’ என்று தனியாக வைத்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிப்பது ஏற்பாடு. ஆரம்பத்தில் நிதியம் பழைய கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேள்விகள் மெல்ல மாறின. 2014இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் பெயரே ‘கரிமம் குறைந்த மறுவாழ்வு’. நீர் நிரம்பிய சுரங்கங்களிலிருந்து வெப்பம் எடுப்பதைப் பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் போலந்திலும் அது ஆராய்ந்தது. ஸ்பெயினின் மியெரெஸ் ஊரில் பரேதோ என்ற பழைய சுரங்கத்தின் நீர் பல்கலைக்கழக வளாகத்தையும் மருத்துவமனையையும் இன்று சூடாக்குகிறது.

2021இல் விதியையே திருத்தினார்கள். நிலக்கரிப் பங்கிலிருந்து இனிக் கரி தோண்டுவதை வளர்க்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கிடையாது. மூடிய சுரங்கங்கள், மூடப்படும் சுரங்கங்கள், அவற்றை நம்பியிருந்த வட்டாரங்களின் மாற்றம், அங்கே வேலை செய்தவர்களின் உடல்நலம், மண்ணுக்கும் நீருக்கும் நேர்ந்த சேதம் ஆகியவற்றுக்கு மட்டுமே. அதே ஆண்டு இன்னொரு முடிவும் வந்தது. வட்டி குறைந்துபோனதால், சொத்தையே விற்று 2027 வரை ஆண்டுக்கு 11.1 கோடி யூரோ செலவிடலாம். அதில் 72.8 சதவீதம் எஃகுக்கு, 27.2 சதவீதம், சுமார் 3 கோடி யூரோ, நிலக்கரிக்கு. ஒரு கண்டத்தின் கைவிடப்பட்ட சுரங்கங்களை நினைத்தால் இது சிறிய தொகை. ஹேர்லனுக்கே இந்த நிதியத்தை விட ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி உதவிதான் கைகொடுத்தது. ஆனாலும் இந்தப் பணம் வந்த வழியை மறக்க முடியவில்லை. மார்சினெலில் இறந்தவர்கள் அதற்கு முன்தினம்வரை வெட்டிய கரியின் மீதும் அந்தத் தீர்வை இருந்தது.

எல்லா இடத்திலும் தண்ணீர் வரவாகிவிடவில்லை. ஜெர்மனியின் கடைசிக் கடினக்கரிச் சுரங்கமான பிராஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. கடைசிக் கரிக்கட்டியைத் தொழிலாளர்கள் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தார்கள். ஆனால் அது இருந்த ரூர் பகுதியில் பம்புகள் இன்னும் ஓடுகின்றன. அடியில் கரியை எடுத்ததில் நிலம் பல மீட்டர் தாழ்ந்துபோயிற்று. இறைக்காவிட்டால் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் நிற்கும், சுரங்க நீர் ஏறிக் குடிநீரைக் கெடுக்கும். இந்தச் செலவை ஏற்கத் தனி அறக்கட்டளை இருக்கிறது. இவ்வேலைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நித்தியக் கடமைகள்’. சுமார் இருநூறு வருடம் நடந்த ஒரு தொழிலுக்கு முடிவில்லாத பின்கணக்கு.

லிம்பர்க்கின் சுரங்கங்களை வீழ்த்தியது எது என்று இன்னும் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கரியும் எண்ணெயும் மலிவாக வந்தன என்பது உண்மை. ஆனால் முடிவைத் தீர்மானித்தது நாட்டின் மறுகோடியில் இருந்தது. 1959இல் வடக்கே குரோனிங்கன் மாகாணத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய இயற்கை எரிவாயு வயல்களில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் நாடு முழுக்கக் குழாய் போட்டார்கள். வீடுகளில் கரியடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எரிவாயு அடுப்பை வைத்தார்கள். தூசில்லை, சாம்பலில்லை, விடியற்காலையில் அடுப்பு மூட்டும் வேலையில்லை. கரி வெட்டியவனின் வீட்டிலும் குழாய் வந்தது.

பிறகு வாயு எடுத்த நிலம் நடுங்க ஆரம்பித்தது. 2012இல் ஹாய்சிங்கே என்ற ஊரில் 3.6 அளவு நிலநடுக்கம். பெரிய எண்ணாகத் தெரியாவிட்டாலும், ஆழம் குறைந்த நடுக்கம் என்பதால் செங்கல் வீடுகள் விரிசல் விட்டன. விரிசல்கள் பெருக, எடுக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2023 அக்டோபர் 1 அன்று உற்பத்தி நின்றது. 2024 ஏப்ரலில் அந்த வயலை நிரந்தரமாக மூடும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எரிவாயுவை விட்டு வேறு எதைக்கொண்டு வீட்டைச் சூடாக்குவது என்று இன்று நெதர்லாந்தின் ஒவ்வொரு நகராட்சியும் கணக்குப் போடுகிறது. ஹேர்லனில் அந்தக் கணக்கின் ஒரு பகுதிக்கு விடை 700 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, அந்த வாயுவால் மூடப்பட்ட குழிகளில், 28 டிகிரியில்.