முதலாளி கீழே, தோட்டம் மேலே

போடிநாயக்கனூரில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் பலருக்கும் தோட்டம் ஊரில் இல்லை. வீடும் குடோனும் போடியில். தோட்டமோ கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில். முதலாளி அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். மற்ற நாளெல்லாம் அங்கே அவருடைய கண்ணும் கையும் கங்காணிதான். இன்று எத்தனை ஆள் வந்தது, எவ்வளவு பச்சைக் காய் எடுத்தது, ஸ்டோரில் உலர்த்திய பிறகு எடை என்ன என்பதெல்லாம் அவர் சொல்லும் கணக்கு.

இயேசு சொன்ன பண உவமைகள் பலவும் இதே ஏற்பாட்டில் நடப்பவை. எஜமான் எங்கோ இருக்கிறார். அவருடைய பொருள் வேறொருவர் கையில். ஒருநாள் கணக்குக் கேட்கிறார். அந்த வேறொருவரைத்தான் தமிழ் வேதாகமம் உக்கிராணக்காரன் என்கிறது. சபையில் ‘உக்கிராணத்துவம்’ என்று பிரசங்கம் ஆரம்பித்தாலே பலருடைய கை சட்டைப் பைக்குப் போகும்; தசமபாகம் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பு. அந்தக் கதைகளைப் படித்துப் பாருங்கள், காணிக்கை என்ற பேச்சே வராது. பொருள் உன்னுடையது இல்லை, சொந்தக்காரர் பக்கத்திலும் இல்லை, அப்போது நீ என்ன செய்தாய் என்பதுதான் அங்கே கேள்வி.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்துத் தாலந்துக் கதையை எடுத்துக்கொள்வோம். ஒருவனுக்கு 5, ஒருவனுக்கு 2, ஒருவனுக்கு 1 என்று கொடுத்துவிட்டு எஜமான் பயணம் போகிறார். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 தெனாரியு. ஒரு தெனாரியு அன்றைய ஒருநாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் ஒரு தாலந்து 20 வருடக் கூலி. போடியிலிருந்து விடிகாலை ஜீப் ஏறி மலைக்குப் போகும் ஒரு பெண் 20 வருடம் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால்தான் அவ்வளவு சேரும். ஆக, ஒன்று வாங்கியவனும் சின்ன ஆள் இல்லை.

அவன் அந்தப் பணத்தைத் திருடவில்லை, தொலைக்கவும் இல்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்தான். பிறர் பணத்தைப் புதைத்து வைப்பதுதான் பத்திரம் என்று யூத மரபிலேயே கருத்து உண்டு. பின்னாளில் தொகுக்கப்பட்ட தல்மூத் அதைப் பதிவு செய்திருக்கிறது. அப்படியும் திரும்பி வந்த எஜமானுக்குக் கோபம். ஒரு காயைக்கூடத் திருடாமல், ஆனால் பறிக்க வேண்டிய சுற்றில் பறிக்காமல், காயெல்லாம் செடியிலேயே பழுத்து வெடிக்க விட்ட கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். கை சுத்தம் என்று அவர் சொல்லலாம். முதலாளிக்கு நஷ்டம் நஷ்டம்தான். அதற்கு மேல், விதைக்காத இடத்தில் அறுக்கிறவர் நீர் என்று எஜமானையே குற்றம் சொல்கிறான் அந்த மூன்றாமவன்.

இந்தக் கதையைக் காட்டி ‘கொடுத்தால் இரட்டிப்பாக வரும்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். முதலாமவன் கையில் 5 என்பது 10 ஆனது உண்மை. ஆனால் அந்தப் பத்தும் எஜமானுடைய பணம். வேலைக்காரனுக்குக் கிடைத்தது பாராட்டும், அதைவிடப் பெரிய பொறுப்பும். 5 சம்பாதித்தவனும் 2 சம்பாதித்தவனும் கேட்ட பாராட்டு ஒன்றேதான்.

லூக்கா 16-ல் வரும் உக்கிராணக்காரன் பிரசங்கிமாரைத் திணறடிப்பவன். எஜமானின் சொத்தைப் பாழாக்குகிறான் என்று புகார். கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போ என்று உத்தரவு. அவன் கடன்காரர்களைக் கூப்பிட்டு 100 குடம் எண்ணெய்ச் சீட்டை 50 என்றும், 100 கலம் கோதுமைச் சீட்டை 80 என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். எஜமான் அவன் சாமர்த்தியத்தை மெச்சுகிறார்! அவன் தன் கமிஷனைத்தான் விட்டுக்கொடுத்தான், அதனால் தப்பில்லை என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கதையே அவனை அநீதியுள்ளவன் என்கிறது. நாம் ஏன் அவனுக்கு வக்கீலாக வேண்டும்? கணக்குக் கேட்கும் நாள் வந்துவிட்டது என்று தெரிந்ததும், மிச்சமிருந்த நேரத்தில் பணத்தைக் கொண்டு மனிதர்களைச் சம்பாதித்தான். மெச்சப்பட்டது அந்த விழிப்பு மட்டும். ஏலத்தோட்டத்தில் இப்படிச் சீட்டை மாற்றி வெகுநாள் ஓட்ட முடியாது. பச்சைக் காய் சுமார் 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ வரும். விகிதம் ரொம்ப இடித்தால் கேள்வி வந்துவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடியில் நடந்த ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே விற்றது. நாளையை நம்பிக் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட லூக்கா 12-ஆம் அதிகாரத்துப் பணக்காரன் கதையை இந்த மலையில் யாருக்கும் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

மலையில் கங்காணி என்றால் ஊரில் ஏலக் கம்பெனி. விவசாயி காயை அங்கே ஒப்படைக்கிறார். வியாபாரிகள் சாம்பிளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார்கள். பணம் கம்பெனி வழியாகத்தான் விவசாயிக்கு வருகிறது. பிறர் பொருளும் பிறர் பணமும் கையில் புழங்கும் தொழில் என்பதால்தான், ஏலம் நடத்துபவரும் வாங்குபவரும் ஸ்பைசஸ் போர்டின் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

சபையில் என்ன ஏற்பாடு? அறுப்பின் பண்டிகையன்று தேங்காயும் கோழியும் நெல்லும் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது தமிழ்நாட்டுச் சபைகளில் பழைய வழக்கம். கடைவிலையைவிடப் பல மடங்கு கொடுத்து ஒரு கோழியைச் சந்தோஷமாக எடுத்துப் போவார்கள். அந்த நிமிடத்திலிருந்து பணம் கமிட்டியின் கையில். உக்கிராணக்காரர் இப்போது சபை ஐயரும் பொருளாளரும். 1903-ல் பாளையங்கோட்டையில் வி. எஸ். அசரியா முதலானோர் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது இந்தியர் காசிலேயே ஊழியம் நடக்க வேண்டும் என்று கொள்கை வைத்தார்கள். கொடுத்தவர் கடல் கடந்து எங்கோ இல்லாமல் அடுத்த தெருவில் இருந்தால், கணக்குக் கேட்பதும் சுலபம்.

எருசலேமின் ஏழைகளுக்குக் காசு சேர்த்த பவுல் அதைத் தனியாகக் கொண்டுபோக ஒப்பவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரைக் கூட அனுப்புவதாகவும், கர்த்தருக்கு முன் மட்டுமின்றி மனுஷருக்கு முன்னும் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றும் இரண்டாம் கொரிந்தியர் 8-ல் எழுதுகிறார். பவுலையே யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நாம் நினைக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து கேள்வி கேட்பவரை, ‘இவருக்கு விசுவாசம் போதாது’ என்று முணுமுணுக்கும் சபைகளில் அந்த அதிகாரத்தை யாரும் அடிக்கடி வாசிப்பதில்லை.