கழிப்பிடம் கட்டிய கனவான்கள்

சிகாகோ நகரத்துக் கடைத்தெருவுக்கு வரும் ஜனங்களுக்கு 1907-ம் ஆண்டில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஆண்களானால் சாராயக்கடைக்குள் நுழைய வேண்டும். பெண்களானால் பெரிய ஜவுளிக் கடைக்குப் போக வேண்டும். உள்ளே போனவர் சும்மா திரும்ப முடியுமா? மரியாதைக்காவது ஒரு கோப்பை குடிக்க வேண்டும். ஒரு முழம் ரிப்பனாவது வாங்க வேண்டும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கக் கிளம்பியவர்கள், தங்கள் வியாபாரம் பெருக வேண்டும் என்று சங்கம் வைத்தவர்கள். அதுதான் வேடிக்கை. அந்தச் சங்கத்தின் பெயர் ரோட்டரி.

நாலு பேர்

பால் ஹாரிஸ் ஒரு வக்கீல். வெர்மான்ட் மாநிலத்தில், வாலிங்போர்டு என்ற சிற்றூரில், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1896-ல் சிகாகோவுக்கு வந்து தொழில் தொடங்கினார். கட்சிக்காரர்கள் வந்தார்கள், சிநேகிதர்கள் கிடைக்கவில்லை. 1900-ல் ஒருநாள் மாலை இன்னொரு வக்கீலுடன் உலாவப் போனார். அவரோ வழியில் இருந்த கடைக்காரர்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்து விசாரித்தார். ஹாரிசுக்குத் தம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பட்டணத்திலும் இப்படிப் பழக முடியுமா?

1905 பிப்ரவரி 23, வியாழக்கிழமை இரவு. நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலேயுடன் சாப்பிட்டுவிட்டு, யூனிட்டி கட்டடத்தின் 711-ம் எண் அறைக்குப் போனார் ஹாரிஸ். அது சுரங்க என்ஜினீயர் கஸ்டவஸ் லோரின் ஆபீஸ். தையற்கடை வைத்திருந்த ஹைராம் ஷோரியும் வந்தார். ஆக நாலு பேர்.

ஒரு தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்ப்பது என்று ஏற்பாடு. கூட்டத்தை ஒவ்வொருவர் இடத்திலும் முறைவைத்து நடத்தினார்கள். இடம் சுற்றிச் சுற்றி வந்ததால்தான் ‘ரோட்டரி’ என்ற பெயர். ‘மிஸ்டர்’ போடக் கூடாது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்து வைக்கத் தனியாக ஓர் ஆள்! நம்மூர் மொய் நோட்டு தோற்றது போங்கள்.

முடியாது என்றவர்

1906-ல் டொனால்டு கார்ட்டர் என்ற வக்கீலைச் சேரும்படி அழைத்தார்கள். அவர் சங்கத்தின் விதிகளைப் படித்தார். உங்களுக்குள் நீங்களே உதவிக்கொள்வதற்கு ஒரு சங்கமா? பிறருக்கும் ஏதாவது செய்தால்தான் இது நிலைக்கும் என்று சொல்லி, சேர மறுத்தார்.

வேறொரு கூட்டமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். இவர்களோ, அப்படியானால் நீரே அந்த விதியை எழுதும் என்றார்கள். சிகாகோ நகரத்தின் நன்மைக்குப் பாடுபடுவது என்ற மூன்றாவது நோக்கம் சேர்ந்தது. கார்ட்டரும் சேர்ந்தார்.

விதி எழுதுவது சுலபம். பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று 1907-ல் நகரசபையை நெருக்கியபோதுதான் சோதனை வந்தது. சாராய வியாபாரிகள் எதிர்த்தார்கள்: எங்கள் கடையில் இடம் இல்லையா? ஜவுளிக் கடைக்காரர்களும் அதையே சொன்னார்கள். கழிப்பிடம் அவர்களுக்கு வாடிக்கை பிடிக்கும் தூண்டில் அல்லவா? வியாபாரிகள் நிறைந்த சங்கம், ஊரின் பெரிய வியாபாரிகளையே எதிர்த்து நிற்க வேண்டியதாயிற்று. ரோட்டரிக்காரர்கள் ஊரின் மற்றச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் இழுத்தது. 1909-ல் வாஷிங்டன் தெருவும் லாசால் தெருவும் சந்திக்கும் இடத்தில் கழிப்பிடம் திறக்கப்பட்டது.

கடல் கடந்து

இதற்குள் 1908-ல் சான்பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் தோன்றிவிட்டது. 1920-ல் கல்கத்தா சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1929-ல் சென்னையிலும் ரோட்டரி வந்தது. 1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கி, 1985-ல் அதை உலகம் முழுவதற்கும் விரித்தார்கள். சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் ரோட்டரி போன்றவர்களும் கைகோத்ததில், 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ கண்ட குழந்தை இல்லை.

ஒன்றில் மட்டும் ரோட்டரி பிடிவாதமாக இருந்தது. பெண்களுக்கு அங்கத்தினர் பதவி கிடையாது! கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் சங்கம் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக, அந்தச் சங்கத்தையே விலக்கினார்கள். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1987 மே மாதத்தில் பெண்கள் பக்கம் தீர்ப்பாயிற்று.

லாசால் தெருக் கழிப்பிடம் திறந்து அப்போது 78 வருஷம் ஆகியிருந்தது.