அழுகை நிற்காத குழந்தையும் ஓடும் கடிகாரமும்

நாலு மாதக் குழந்தை ஓயாமல் வீறிடுகிறது. கைகளை முஷ்டியாக இறுக்கிக்கொள்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, உடம்பு விறைக்கிறது. உரம் விழுந்திருக்கும் என்று எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு வயிற்றுவலி மருந்து. ஸ்கேன் எடுப்பதற்குள் மாதங்கள் போய்விடும். அது கிராபே நோயாக இருந்தால், போனது போனதுதான்.

நரம்பின் மேலுறையான மையலினைக் காக்கும் ஒரு நொதி இக்குழந்தைகளுக்குச் சுரப்பதில்லை. நச்சு சேர்ந்து உறை அழிகிறது. இதற்கான சிகிச்சையில், கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்து, வேறொருவரின் ஸ்டெம் செல்லை ரத்தத்தில் ஏற்றுவார்கள். அதன் வழிவந்த செல்கள் சில மூளைக்குள் குடியேறி நொதியைச் சுரக்கும். அதற்கே பல மாதம் பிடிக்கும்.

2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறிகுறி வருமுன்பே, பிறந்த 12 முதல் 44 நாட்களுக்குள், ஸ்டெம் செல் கொண்ட வேறு குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தம் ஏற்றப்பட்ட 11 சிசுக்களும் பிழைத்தன. அறிகுறி வந்தபின் ஏற்றப்பட்ட 14 பேரில் பிழைத்தது 6 பேர்தான். முன்கூட்டியே பெற்றவர்களிலும் பலருக்கு நடையும் பேச்சும் பின்தங்கின. இழந்ததை இச்சிகிச்சை மீட்டுத் தராது.

பிரசவ வார்டில் 'குழந்தையின் கொடி ரத்தத்தைச் சேமியுங்கள்' என்று துண்டுப்பிரசுரம் நீட்டுவார்கள். அக்குழந்தையின் பரம்பரை நோய்க்கு அது உதவாது. அதே மரபணுக் கோளாறு அந்த ரத்தத்திலும் இருக்கும். தனியார் வங்கிச் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்பதில்லை. முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டு நரம்பைச் சரிசெய்வதாகச் சொல்லும் கிளினிக்குகள் இன்னும் மோசம். 'ஆராய்ச்சி' என்றால் அந்த மருத்துவ ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆராய்ச்சிக்கு உட்படுபவரிடம் பணம் வசூலிப்பது விதிமீறல். ஒப்புதல் படிவமும் பில்லும் கையில் இருந்தால் மாநில மருத்துவ கவுன்சிலிலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம்.

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையால் பலன் பெறக்கூடிய சில நோய்களைத் தன் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அங்கீகரித்த மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் மையங்கள் இருக்கின்றன.

ஏற்கெனவே கிராபே நோயால் ஒரு குழந்தையை இழந்த வீட்டில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத அபாயம் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணந்தவர்களிடம் இத்தகைய நோய்கள் கூடுதலாகத் தென்படுகின்றன. இறந்த குழந்தையின் மரபணு அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கர்ப்பத்தின் 11ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் துணுக்கைச் சோதிப்பதற்கு முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.