மூடிய கதவைத் திறப்பவர்கள்

பாட்டி "கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது" என்று சொல்லி எழுந்த பின்பும் அவள் முந்தானையைப் பிடித்திழுத்து "அப்புறம்?" என்று கேட்கிற குழந்தையின் ஆவல் வயது வந்த வாசகர்களை விட்டும் நீங்குவதில்லை என்பதற்கு, ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் பெயரைச் சொல்லிக்கொண்டு புத்தகக் கடைகளில் வந்து குவியும் புது நாவல்களே சாட்சி. 1817 ஜூலை 18 அன்று, நாற்பத்தொரு வயதில், வின்செஸ்டர் நகரில் காலமான அந்த அம்மையார் பூர்த்தி செய்து வைத்துப் போன பெரிய நாவல்கள் ஆறே ஆறு. அந்த ஆறையும் படித்து, மறுபடியும் படித்து, இனிப் படிக்க ஒன்றுமில்லையே என்று ஏங்குகிறவன் கையில்தான் இவை வந்து சேருகின்றன. அந்த ஏக்கத்தோடுதான் நானும் வாங்கினேன்.

இந்த ஆசையைக் குற்றம் சொல்லலாகாது. நோயினால் ஆஸ்டின் பாதியில் விட்ட 'சாண்டிடன்' நாவலைத் தொடர முயன்றவள் அவருடைய சகோதரன் மகள் அன்னா. அவளாலும் முடிக்க இயலவில்லை. இன்னொரு சகோதரன் மகளான காதரின் ஹப்பாக், 'தி வாட்ஸன்ஸ்' என்ற குறைப்பிரதியை விரித்து 1850இல் ஒரு முழு நாவலாகவே வெளியிட்டார். நம்மவர்கள் மட்டும் என்ன? 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும் "பிறகு என்ன ஆயிற்று?" என்று துளைத்தெடுத்த வாசகர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது.

ஆசை நியாயமானதுதான், கிடைத்த பண்டம்தான் நியாயமாக இல்லை. துப்பறியும் நாவல்களில் மகா நிபுணியான பி. டி. ஜேம்ஸ், தம் தொண்ணூற்றோராவது வயதில், 2011இல் எழுதிய 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி'யையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' முடிந்து ஆறு வருஷங்கள் சென்றபின், நாயகி எலிசபெத்தும் கணவன் டார்ஸியும் வாழும் பெம்பர்லி மாளிகையில், நடன விருந்துக்கு முந்திய இரவில், தன் கணவன் விக்கமைக் கொன்றுவிட்டார்கள் என்று அலறிக்கொண்டு எலிசபெத்தின் தங்கை லிடியா வண்டியில் வந்து இறங்குகிறாள்; காட்டில் பிணமாகக் கிடப்பவனோ விக்கம் அல்ல, அவனுடைய சிநேகிதன் டென்னி. ஆரம்பம் என்னவோ அபாரம்தான். அதன் பிறகு விசாரணை, சாட்சியம், வழக்கு என்று பக்கங்கள் நகர நகர, எந்த எலிசபெத்தின் வாய்ச்சாதுரியத்துக்காக இரண்டு நூற்றாண்டுகளாக உலகம் அந்த நாவலைக் கொண்டாடுகிறதோ, அந்த எலிசபெத் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, வேலைக்காரர்களுக்கு உத்தரவிட்டுக்கொண்டு, ஒரு வேடிக்கை வார்த்தைகூடச் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். போதாக்குறைக்கு, கடைசி அத்தியாயத்தில் டார்ஸியும் அவளும் எதிரெதிரே அமர்ந்து, மூலநாவலில் தாங்கள் ஏன் அப்படி நடந்துகொண்டோம் என்று ஒருவருக்கொருவர் வியாக்கியானம் சொல்லிக்கொள்கிறார்கள். எலிசபெத்தைக் கொலைவழக்கில் இழுத்துவிட்டதற்காக ஆஸ்டினிடம் முகவுரையில் மன்னிப்புக் கேட்கும் ஜேம்ஸ், அவளை ஊமையாக்கியதற்கல்லவா கேட்டிருக்க வேண்டும்!

பேனா பிடிக்கத் தெரிந்த இத்தகையவர்களுக்கே ஏன் இப்படி நேருகிறது என்று யோசித்தபோது, மூலங்களைத் திரும்பப் புரட்டினேன். டார்ஸி இரண்டாம் முறை தன் அன்பைத் தெரிவிக்கையில் எலிசபெத் சம்மதித்த வார்த்தைகளை ஆஸ்டின் நமக்குச் சொல்லுவதில்லை. 'எம்மா' நாவலில் நைட்லியின் காதலுக்கு எம்மா அளித்த மறுமொழியும் நம் காதில் விழுவதில்லை. எதைக் கேட்க முந்நூறு பக்கங்கள் காத்திருந்தோமோ அது வரும் தருணத்தில், ஒரு புன்சிரிப்போடு கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதவைத்தான் உடைக்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை, ஏனெனில் அந்த நாவல்களின் ஜீவன் பாத்திரங்களிடம் மட்டுமா இருந்தது? அவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்த அந்தக் குரலில் அல்லவா இருந்தது! பெம்பர்லி மாளிகையையும் பெயர்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குரலை எடுத்துச் செல்ல வழியில்லை.

2009இல் ஒருவர் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' மூலத்தின் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு நடுநடுவே நடைபிணங்களை நுழைத்தார். அதைப் பற்றிப் பேசப் பொழுதில்லை. ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் ஆறு நாவல்களையும் இக்காலத்துக்கு மாற்றி எழுதப் பிரபல எழுத்தாளர்களை அமர்த்த முனைந்ததே, அது கவனிக்கத்தக்கது. 2013இல் ஜோவன்னா டிராலப் எழுதிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் பெண்களின் உடையும் கருவிகளும் புதியவை. ஆனால் வீட்டை இழந்தால் விவாகம் தவிர வேறு கதியில்லை என்ற பழைய நெருக்கடி இன்றைய இங்கிலாந்தில் இல்லாதபடியால், கதை அச்சாணி கழன்ற வண்டியாகத் தள்ளாடுகிறது. அதே கதையை 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்துக்கு எடுத்துக்கொண்ட ராஜீவ் மேனனுக்கு அந்தத் தொல்லை இல்லை. உயிலால் வீட்டைப் பறிகொடுத்துச் சென்னைக்கு வரும் சகோதரிகளின் கலக்கம் நமக்கு விளக்கம் தேவைப்படாத விஷயம். ஹார்ப்பர்காலின்ஸ் திட்டம் நான்கு நாவல்களோடு நின்றுபோயிற்று.

ஒன்றே ஒன்று எனக்குத் திருப்தியளித்தது: ஜோ பேக்கரின் 'லாங்போர்ன்'. எலிசபெத் மூன்று மைல் நடந்து சேறாக்கிக்கொண்டு வந்த பாவாடையைத் துவைப்பது யார் என்று ஆஸ்டின் சொல்லவில்லை. பேக்கர் அந்த வேலைக்காரியிடமே போய்க் கதை கேட்கிறார். ஆஸ்டினின் குரலைப் பாவனை செய்யவும் அவர் முயலவில்லை.

"அப்புறம்?" என்று ஆஸ்டினின் வீட்டுப் பிள்ளைகளும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் தந்த பதில்களைச் சகோதரன் மகன் ஒருவர் 1869இன் இறுதியில் வெளியான தம் நினைவுநூலில் எழுதிவைத்திருக்கிறார்: எலிசபெத்தின் தங்கைகளில் கிட்டி, பெம்பர்லிக்கு அருகிலிருந்த ஒரு பாதிரியாரை மணந்துகொண்டாள், மேரிக்கு, மாமா பிலிப்ஸின் குமாஸ்தாக்களில் ஒருவனுக்குமேல் வாய்க்கவில்லை, எம்மாவின் தகப்பனார், மகளின் விவாகத்துக்குப் பின் சுமார் இரண்டு வருஷங்கள் உயிரோடிருந்தார்.