உயிர்க் குருதியும் நுணுக்குக்காட்டியும்

கண்ணாற் கண்டதை மறுப்பாரில்லை. ஆயினும், கண்ட பொருள் யாது என்பது ஒன்று. அதனின்று கொள்ளப்படும் முடிபு யாது என்பது பிறிதொன்று. இவ்வேறுபாட்டையே அளவை நூலார் காண்டல் என்றும் கருதல் என்றும் பிரித்துக் காட்டினர். காண்டலில் ஐயம், திரிவு என்னும் குற்றங்கள் நேர்தல் உண்டென்பதும், கருதலுக்கு அடிப்படையாய ஏது தக்க இடங்களிற் சோதிக்கப்படல் வேண்டுமென்பதும் அவர் துணிபு. சைவ சித்தாந்த மாணாக்கர் நன்கறிந்த இவ்வளவையைக் கொண்டு, இயற்கை மருத்துவம் என்ற பெயரால் இன்று பல நாடுகளில் நடைபெறும் ஒரு சோதனையை ஆராய்தல் பயனுடைத்து. உயிர்க்குருதிச் சோதனை என்பது அதன் பெயர்.

அதன் முறை எளியது. சோதனைக்கு வந்தவரின் விரல் நுனியில் ஊசியாற் குத்தி ஒரு துளி குருதி எடுக்கப்படும். அது கண்ணாடித் தகடொன்றில் இடப்பட்டு மெல்லிய மூடுகண்ணாடியால் மூடப்படும். சாயம் எதுவும் ஊட்டப்படுவதில்லை, உலர்த்தப்படுவதுமில்லை. நுணுக்குக்காட்டியின்கீழ் வைக்கப்பட்ட அத்துளியின் தோற்றம் திரையொன்றிற் பெருப்பித்துக் காட்டப்படும். தம் உடலிலிருந்து சற்று முன்னர் வந்த குருதியில் கலங்கள் மிதப்பதையும் துணிக்கைகள் துள்ளுவதையும் வந்தவர் தாமே காண்பார். அருகிலிருப்பவர் அத்தோற்றங்களை ஒவ்வொன்றாகச் சுட்டி, இது குருதியிற் புளிப்பு மிகுந்ததன் அடையாளம், இது பூஞ்சணம், இது செரியாத புரதம் என்று பொருள் கூறுவார். பின்னர் உணவு விதிகளும் உபமருந்துகளும் விதிக்கப்படும். சில கிழமைகளின் பின் மீண்டும் ஒரு துளி பார்க்கப்படும்.

உயிருள்ள குருதியை உருப்பெருக்கிப் பார்த்தல் புதுவதன்று. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தின் டெல்ப்ற் நகரிற் புடைவை வணிகராயிருந்த அன்ரனி வான் லீவன்ஹூக் தம் கையாற் கடைந்த ஒற்றை வில்லையைக் கொண்டு குருதியின் சிறு உருண்டைகளைக் கண்டு, 1674இல் இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எழுதினார். அதற்கு முன்னரே, 1661இல், இத்தாலியரான மாப்பீகி தவளையின் நுரையீரலில் மயிர்த்துளைக்குழாய்களைக் கண்டறிந்திருந்தார். அக்காலத்திற் காணப்பட்ட குருதி அனைத்தும் சாயமிடாக் குருதியே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக் சாயங்களைப் பயன்படுத்தி வெண்குருதிக் கலங்களை வகைப்படுத்தினார். அதன்பின் மெல்லிய படலமாகப் பரப்பி, உலர்த்தி, நிலைப்படுத்திச் சாயமூட்டிய குருதியே வைத்தியசாலைகளில் வழக்காயிற்று. சாயமூட்டிய படலம் அசைவதில்லை; ஆதலின் அதை எண்ணலாம், பேணி வைக்கலாம், ஒருவர் கண்டதை மற்றொருவரிடம் கொடுத்து மெய்யோ என்று வினாவலாம்.

எனினும் சாயமிடாக் குருதியின் பயன் ஒழிந்துவிடவில்லை. இருட்புல நுணுக்குக்காட்டி என்பதொரு கருவி உண்டு. ஒளி நேரே கண்ணை அடையாது பக்கவாட்டில் வந்து பொருளிற் பட்டுச் சிதறுமாறு அஃது அமைக்கப்பட்டது. ஓலைக் கூரையின் துளைவழியே இறங்கும் வெயிற் கதிரில், மற்றைய வேளையிற் புலனாகாத தூசி ஒளிர்ந்தாடுவதைப் போல, கருமையான பின்னணியில் மிக நுண்ணிய துணிக்கைகளும் ஒளிவிட்டுத் தோன்றும். மேகநோய்க் கிருமியைப் புண்ணின் நீரிற் காண்பதற்கு இம்முறை 1906ஆம் ஆண்டளவிலேயே பயன்பட்டது. யானைக்கால் நோயின் புழுக் குஞ்சுகளையும் சாயமிடாத குருதித் துளியில் நெளியக் காணலாம். ஆகவே கருவியின்மேற் குற்றமில்லை. கருவி காட்டுவதற்குக் கூறப்படும் பொருளே ஆராயத்தக்கது.

அப்பொருளின் வேர் யேர்மனியில் உள்ளது. குந்தர் எண்டர்லைன் (1872–1968) என்பவர் பூச்சியியலிற் புலமை பெற்ற விலங்கியலறிஞர். பற்றீரியங்களின் வாழ்க்கைச் சுற்றைப் பற்றி 1925இல் அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். மனிதர் அனைவரின் குருதியிலும் மிக நுண்ணிய தாவர உயிரொன்று உறைகின்றது. உடல் நலமாயிருக்கும்வரை அது தீங்கு செய்யாது. உடலின் உள்நிலை கெடின் அதுவே படிப்படியாக வளர்ந்து பற்றீரியமாகவும் பூஞ்சணமாகவும் உருமாறி நோய் விளைக்கும் என்பது அவர் கொள்கை. பிரான்சு நாட்டு அந்துவான் பெசாம் 19ஆம் நூற்றாண்டிற் கூறிய கருத்தின் வழிவந்தது இது. நோய்க்கிருமிகள் தத்தம் இனத்தில் நிலைத்து நிற்பன என்று நிறுவிய பேர்டினந்து கோன், றொபேட் கொக் ஆகியோரின் முடிபுக்கு இஃது எதிரானது. இன்று பற்றீரியத்துக்கும் பூஞ்சணத்துக்கும் உள்ள வேறுபாடு கல அமைப்பிலேயே தெளிவாகியுள்ளது. பூஞ்சணக் கலத்திற் கரு உண்டு. பற்றீரியத்தில் மென்சவ்வாற் சூழப்பட்ட கரு இல்லை. பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாக வாசிக்கும் இக்காலத்தும், ஒன்று மற்றொன்றாக மாறியமை எவ்வாய்வுகூடத்திலும் காணப்படவில்லை. கொள்கை வீழ்ந்தது; அதன் மேல் எழுந்த சோதனையோ நிலைத்துவிட்டது.

அச்சோதனையிற் சுட்டப்படும் தோற்றங்களை ஒவ்வொன்றாக நோக்குவாம். செங்குருதிக் கலங்கள் நாணயங்களை அடுக்கினாற்போல ஒன்றன்மேலொன்று ஒட்டி நிற்பதுண்டு. இதனைப் புளிப்பின் அடையாளம் என்பர். குருதியின் திரவப் பகுதியிலுள்ள சில புரதங்கள், கலங்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றத்தின் வலியைக் குறைப்பதாலேயே இவ்வடுக்கு நிகழ்கிறது. துளி தடித்திருந்தாலும், தகட்டிற் சற்று நேரம் நின்றாலும் நலமுடையார் குருதியிலும் அது தோன்றும். அழற்சி முதலிய நோய்களில் அது மிகுவதும் உண்மையே. அதனாலன்றோ குழாயில் நிறுத்திய குருதியின் கலங்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் அடைகின்றன என்று வைத்தியர் அளந்து பார்க்கின்றனர்! அங்கே அளவு உண்டு; இங்கே அளவில்லை. புளிப்பைப் பொறுத்தவரை, நலமுடையார் குருதியின் பீ.எச். பெறுமானம் 7.35இற்கும் 7.45இற்கும் இடையே நுரையீரலாலும் சிறுநீரகத்தாலும் காக்கப்படுகிறது. உணவில் ஒரு பழம் கூடுவதாலோ குறைவதாலோ அவ்வெல்லை பெயர்வதில்லை. அன்றியும், அஃது அளந்தறிய வேண்டியதேயன்றிக் கண்டறியக் கூடியதன்று.

சில கலங்களின் விளிம்பு முட்களுடையது போலத் தோன்றும். கண்ணாடியின் தொடர்பினாலும், மூடுகண்ணாடியின் ஓரத்தில் நீர் ஆவியாகித் திரவம் செறிவதாலும் இம்மாற்றம் தகட்டின் மேலேயே உண்டாகலாம். முதல்நாட் சோதனையில் நெடுநேரம் விளக்கம் கூறிக் குருதியைக் காத்திருக்க வைத்து, மறுமுறை உடனே பார்ப்பின், இடையில் உண்ட மருந்தாற் கலங்கள் நலமடைந்தன என்று தோன்றும். உண்மையில் மாறியது காலமேயன்றிக் குருதியன்று.

இனித் துள்ளும் துணிக்கைகள். கொழுப்புள்ள உணவை உண்ட சில மணி நேரத்தில் நுண்ணிய கொழுப்புத் துளிகள் குருதியிற் பரவும். இருட்புலத்தில் அவை மின்மினிபோல் ஒளிரும். அவற்றின் துள்ளல் உயிரின் செயலன்று. திரவத்தின் மூலக்கூறுகள் ஓயாது மோதுவதால் எந்நுண்துகளும் அவ்வாறே ஆடும் என்பதற்கு, 1827இல் பூந்தாதின் நுண்துகள்களில் அவ்வசைவைக் கண்ட றொபேட் பிறவுணின் பெயரால் வழங்கும் பிறவுணியன் அசைவே சான்று. உணர்வும் உயிருமற்ற துகளைக் கிருமியென மயங்குதல் கயிற்றைப் பாம்பென மயங்கும் திரிவுக்காட்சியின் இனத்ததே.

துகள்கள் கிருமிகளே என்று வாதிப்பார்க்குக் கணக்கே விடை கூறும். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்கலங்கள் உள்ளன. குருதியிற் பற்றீரியம் புகுந்து உயிருக்குப் போராடும் வளர்ந்த நோயாளியிடங்கூட, ஒரு மில்லிலீற்றரில், அதாவது ஆயிரம் கன மில்லிமீற்றரில், பத்துக்கும் குறைவான பற்றீரியங்களே பெரும்பாலும் இருக்கும். ஆகவேதான் வைத்தியசாலைகளில் அத்தகையோரின் குருதியைப் பல மில்லிலீற்றர் எடுத்து வளர்ப்பூடகத்திலிட்டுப் பெருக்கிய பின்னரே கிருமியை அறிகின்றனர். நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்து திரையை நோக்கும் ஒருவரின் சிறு துளியில் நூற்றுக்கணக்கான பற்றீரியங்கள் தோன்றின என்பது எவ்வாறு பொருந்தும்?

இத்தோற்றங்கள் வேறு காரணங்களாலும் வரக்கூடும் என்று காட்டியமை ஐயத்தை எழுப்புமேயன்றி முடிபைத் தாராது. முடிபு தருவது ஏதுவின் சோதனையே. மலையிற் புகை கண்டு நெருப்புண்டு எனல் அளவை நூலின் பழைய எடுத்துக்காட்டு. நெருப்புள்ள அடுக்களையாகிய சபக்கத்திற் புகை காணப்படுதலும், நெருப்பில்லா நீர்நிலையாகிய விபக்கத்தில் அது காணப்படாமையும் அறியப்பட்டமையாலேயே அக்கருதல் நிற்கின்றது. குருதியின் அடையாளத்துக்கும் இதுவே விதி. நோயுற்றாரிடம் அது காணப்படல் வேண்டும். நோயற்றாரிடம் காணப்படாதொழிதல் வேண்டும். காண்பார் இருவராயினும் ஒன்றே காணல் வேண்டும்.

இவ்விதியிற் சாயமிடாக் குருதி வென்ற வரலாறும் உண்டு. 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் அல்சீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரில், பிரெஞ்சுப் படை வைத்தியர் அல்போன்ஸ் லவெரான், சுரங்கொண்ட போர்வீரன் ஒருவனின் புதிய குருதியில் நூல்போன்ற உறுப்புகளை வீசியசைக்கும் உயிரொன்றைக் கண்டார். அதுவே மலேரியா ஒட்டுண்ணி. அவர் அக்காட்சியோடு அமையவில்லை. 192 நோயாளரை ஆராய்ந்து 148 பேரிடம் அதைக் கண்டார். மலேரியா இல்லாதோர் குருதியில் அதைக் கண்டிலர். குயினைன் கொடுத்தபின் அது மறைவதையும் குறித்தார். அங்ஙனமிருந்தும் அறிஞர் சில ஆண்டுகள் ஐயுற்றனர். தாமே கண்ட பின்னரே ஏற்றனர். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட மலேரியாவினின்றும் இலங்கை விடுபட்டதென 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வெற்றிக்குத் துணைநின்றவற்றுள் ஊர்தோறும் எடுத்துச் சாயமூட்டிப் பார்க்கப்பட்ட குருதிப் படலங்களும் அடங்கும்.

எண்டர்லைன் வழிச் சோதனையும் அவ்விதிக்கு உட்படுத்தப்பட்டது. யேர்மனியின் கீசன் நகர ஆராய்ச்சியாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 110 பேரின் குருதி, நோய் விபரம் அறியாத தேர்ச்சியாளர் ஒருவராற் பார்க்கப்பட்டது. அவருள் 12 பேருக்குப் பரவிய புற்றுநோய் இருந்தது. இருட்புலத் தோற்றத்தைக் கொண்டு இனங்காணப்பட்டோர் அப்பன்னிருவருள் மூவரே. சபக்கத்திலேயே ஏது தவறிற்று. 2006இல் வெளியான மற்றோராய்வில், பயிற்சி பெற்ற இருவர் ஒரே குருதித் தகடுகளைத் தனித்தனியே மதிப்பிட்டபோது அவர்தம் முடிபுகள் போதிய அளவு ஒத்தில. ஒருவரே மீண்டும் பார்த்தபோதும் தம் முன்னை முடிபோடு முரண்பட்டார். காண்பாரோடு மாறும் அடையாளம் குருதியின் அடையாளம் ஆகாது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நலமுடைய ஒருவர் இல்லாத நோய்க்கு அஞ்சிப் பொருளிழப்பார். நோயுடைய ஒருவர் குருதி தூயதென்ற சொல்லை நம்பி, உரிய வைத்தியத்துக்குரிய காலத்தை இழப்பார். நீரிழிவைக் காட்டும் சர்க்கரையும், சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் யூரியாவும் குருதியிற் கரைந்து நிற்பன. எத்துணைப் பெருப்பித்தாலும் அவை திரையில் தோன்றா. புற்றுநோய்க்கு மருத்துவம் செய்வதாகப் பொதுமக்களுக்கு விளம்பரஞ் செய்தலைத் தடுக்கும் 1939ஆம் ஆண்டுச் சட்டமொன்று பிரித்தானியாவில் உண்டு. அதன்கீழ், உயிர்க்குருதிச் சோதனை நடத்திய ஒருவர் 2014இல் இலண்டனிற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டதற்குக் காரணமும் இவ்வச்சமே.

இவ்வாராய்ச்சியால் இயற்கை வாழ்வின் நன்னெறிகள் வீழ்ந்துபடா. அளவறிந்துண்டல், காய்கனி சேர்த்தல், உடற்பயிற்சி, உறக்கம் என்பன தம் பயனால் நிற்பன. அவற்றுக்குத் திரைக்காட்சி துணையாக வேண்டியதில்லை. சோர்வோடு வந்த ஒருவரை நெடுநேரம் இருத்தி, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் உடலைப் பற்றி அவரோடு பேசுதல் இச்சோதனை செய்வாரிடத்துக் காணப்படும் நற்பண்பு. மக்கள் அவரை நாடுதற்கு அதுவும் ஒரு காரணம். கூட்டம் மிக்க வைத்தியசாலைகள் அவரிடங் கற்கத்தக்கது அது. ஆயின் பரிவு சான்றாகாது. சோதனை எதுவாயினும், நோயுற்றாரையும் நலமுடையாரையும் பெயரறியாது கலந்து வைத்தபோதும் அது பிரித்தறிந்ததா என்று வினாவுதல் நோயாளியின் உரிமை. அவ்வினாவை எழுப்பப் பழக்குதல் கல்வியின் கடன்.